கண்ணாயிக்குத் தர வேண்டிய எட்டு நாள்

“ஏனுங்க அக்கா, உங்க ஊருல ஒருத்தருக்கும் ஒண்ணும் வேண்டாமா?”

அருள்மொழி இப்படிக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. நான் கொல்லிமலைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மலேசியாவிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம், ரயிலில் ஓர் இரவு, பிறகு பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவு, இத்தனையும் கடந்து உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கிறேன் என்று நான் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தேன். அவள் கேலி செய்யவில்லை. யாருக்கும் எதுவும் தேவைப்படாத ஊர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. நல்ல பதிலாக இருந்திருந்தால் நினைவில் இருந்திருக்கும்.

அது 1999-ஆம் வருடம். எனக்கு இருபத்து நான்கு வயது. தெலுக் இந்தான் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தினமும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போவேன். பிறருக்கு உழைக்காத உடம்பு வீண் என்று எங்கள் கோயில் பூசாரி அடிக்கடி சொல்வார். அதை நம்பி, ஆறு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு தொண்டு நிறுவனத்தில் பெயர் கொடுத்தேன். அவர்கள் என்னைக் கொல்லிமலையில் பைல் நாடு என்ற பகுதியில் ஒரு சிற்றூருக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவிலிருந்து ஏழு இளைஞர்கள் ஆறு வார முகாமுக்கு வந்திருந்தார்கள். முகாமில் இருந்தவர்களில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது பாதி வேலை, ஊர்க்காரர்கள் பேச்சை வெளிநாட்டவர்களுக்கும் அவர்கள் பேச்சை ஊர்க்காரர்களுக்கும் சொல்வது மீதி வேலை.

அருள்மொழியின் அம்மா கண்ணாயி. முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் செங்கோடன் ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் வேலை செய்தார். மாதம் இரண்டு முறை மலையேறி வருவார். கண்ணாயிக்குச் சரிவில் அரை ஏக்கர் கொல்லை. அதில் சாமை விதைத்து, ஊடே துவரையும் அவரையும் போட்டிருந்தாள். முந்தைய வருடம் காட்டுப்பன்றி மேய்ந்து விதைக்குக்கூட மிஞ்சவில்லை. அதனால் இந்த முறை நாத்தனார் பொன்னாயியிடம், அந்த ஊர் அளவையில் இரண்டு வள்ளம் சாமை விதை வாங்கியிருந்தாள்.

அந்த ஊரில் விதையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, விற்பதும் இல்லை. இரண்டு வள்ளம் வாங்கினால் அறுவடையில் மூன்றாகத் திருப்பித் தர வேண்டும். அதுவும் தன் கொல்லையில் விளைந்ததாக இருக்க வேண்டும். தராதவர்களை யாரும் திட்டுவதில்லை. அடுத்த வருடம் அவர்கள் விதை கேட்டு வந்தால், வீட்டில் இருப்பவர்கள் வேறு பேச்சுப் பேசுவார்கள். அவ்வளவுதான்.

உழைப்பும் அப்படியே. இன்று நீ என் கொல்லைக்கு வந்தால் நாளை நான் உன் கொல்லைக்கு வருவேன். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள். இடையில் காசு வராது.

எங்கள் அலுவலகத்தின் திட்ட அலுவலர் அர்த்தனாரி, நாமக்கல்காரர். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊர் திரும்புவதற்குள், ஒரு நாள் ஏழை விவசாயி ஒருவரின் நிலத்தில் களையெடுக்க வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கண்ணாயியிடம் கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

கண்ணாயி விரல் விட்டு எண்ணினாள். எட்டுப் பேர் ஒரு நாள் வந்தால் தான் எட்டு நாள் திருப்பிச் செய்ய வேண்டுமே, எங்கே வந்து செய்வது என்று கேட்டாள். இது சும்மா செய்வது, திருப்ப வேண்டியதில்லை என்றேன். அவள் முகம் சுருங்கியது. அப்படியென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இனாமாக வேலை வாங்கினவள் என்ற பேர் தனக்கு எதற்கு என்றாள். நான் விடவில்லை. எங்கள் அலுவலகத்தின் பின்னால் காய்கறித் தோட்டம் போடுகிறோம், அங்கே வந்து எட்டு நாள் கொத்திக் கொடுங்கள் என்று யோசனை சொன்னேன். அதற்குத்தான் ஒப்புக்கொண்டாள். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னாள்.

“நான் மொதல் களை புடுங்கிக் காட்டுற வரைக்கும் ஒருத்தரும் கொல்லையில எறங்கப்படாதுங்க. அது எங்க மொறைங்க, டீச்சர்.”

சரி என்றேன். வேலை தொடங்கும் முன் பூசை போடுவதைப் போல ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

களையெடுப்பதாகச் சொன்ன நாளன்று காலையில் அவள் ரேஷன் கடைக்குச் செம்மேடு போனாள். ஒன்பதரைக்குத் திரும்பியிருக்க வேண்டிய பஸ் வரவில்லை. பத்தாயிற்று, பத்தரையாயிற்று. படம் எடுப்பவர் சேலத்திலிருந்து வந்தவர், மதியமே கீழே இறங்கியாக வேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். பிள்ளைகள் பூட்ஸும் தொப்பியும் கையுறையுமாக வரப்பில் நின்றார்கள். அர்த்தனாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நீங்கதான் தோட்டத்தில் பிறந்தவங்களாச்சே, உங்களுக்குத் தெரியாத களையா என்றார்.

அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. அதை மறைத்து எழுத மாட்டேன்.

கொல்லையில் இறங்கிப் பார்த்தேன். ஒழுங்கான வரிசை எதுவும் இல்லை. அகன்ற இலையோடு துவரையும் கொடி வீசி அவரையும் ஆங்காங்கே நின்றன. அவற்றைச் சுற்றிலும் முழங்காலுக்குக் கீழே அடர்த்தியாகப் புல். என் அம்மா இருபது வருடம் செம்பனைக்கு அடியில் புல்லுக்கு மருந்தடித்தவள். எங்கள் லயத்தில் புல்லை வளர்ப்பவன் என்றால் சோம்பேறி என்று பொருள். நான் ஒரு கணமும் தயங்கவில்லை. இலை அகலமாக இருப்பதெல்லாம் பயிர், புல் மாதிரி இருப்பதெல்லாம் களை, வேரோடு பிடுங்குங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முதல் பிடியை நானே பிடுங்கிக் காட்டினேன்.

எல்லோரும் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். மதியம் ஒரு மணிக்குள் கொல்லையின் முக்கால் பங்கு சுத்தமாகிவிட்டது. துவரைச் செடிகள் தனித்தனியாக, அழகாக நின்றன. படம் எடுப்பவர் திருப்தியோடு கிளம்பினார்.

கண்ணாயி மண்ணெண்ணெய் டின்னோடு வந்தாள். டின்னைக் கீழே வைத்தாள். வரப்போரம் வாடிக் கிடந்த குவியலிலிருந்து ஒரு புல் தாளை எடுத்து, அடியைக் கிள்ளிப் பார்த்தாள். இன்னொரு குவியலுக்குப் போனாள். அங்கும் ஒன்றை எடுத்துக் கிள்ளினாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சாமை” என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

சாமையும் புல்தான். நெல் புல், கேழ்வரகு புல், சாமையும் புல். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் நானே சொல்லிக்கொடுத்தது இது.

யார் பிடுங்கச் சொன்னது என்று கேட்டாள். அர்த்தனாரி பேச வாயெடுத்தார். நான்தான் என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிள்ளைகள் விஷயம் புரிந்ததும் அழுதார்கள். தங்களிடம் இருந்ததைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கண்ணாயி அதைத் தொடவில்லை. அடுத்த வாரம் அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். வேண்டுமென்றே யாரும் செய்யவில்லை. நிறுவனம் இரண்டு மூட்டை அரிசியும் ஒரு சேலையும் அனுப்பியது. ஜீப் ஓட்டுநர் மாதேஸ்வரன் மூட்டைகளை வாசலில் இறக்கினார். கண்ணாயி அவற்றைத் திரும்ப ஏற்றச் சொன்னாள். அரிசியை விதைக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

ஆடி பாதிக்குள் கொல்லையை மறுபடி கொத்தி, மூன்று மாதத்தில் விளையும் சாமையை விதைத்தால் தப்பிக்கலாம். அதற்கு மறுபடியும் விதை வேண்டும். மறுபடியும் பொன்னாயியிடம்தான் போக வேண்டும். நானும் கூடப் போனேன்.

பொன்னாயி எங்களை உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள், நாங்கள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“வெளிநாட்டுக்காரங்க வந்து களையெடுத்தாங்களாமே, கண்ணாயி. எங்க கொல்லைக்கும் ரெண்டு பேர அனுப்பேன். எருமைக்குத் தீவனமாச்சும் ஆவும்.”

பொன்னாயி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விதை இருக்கிறது, ஆனால் கொத்தாத கொல்லைக்கு விதை தருகிற வழக்கம் இல்லை, கொத்திவிட்டு வந்து சொல்லு என்றாள். அது மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை.

கொத்துவதற்கு ஆள் வேண்டும். ஊரில் எல்லோரும் அவரவர் களையெடுப்பில், ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக் கட்டுப்பட்டிருந்தார்கள். கண்ணாயி அலுவலகத்துக்கு வந்து அர்த்தனாரியின் மேசை முன் நின்றாள். எட்டு ஆள் ஒரு நாள் கெடுத்தது, அதனால் எட்டு நாள் ஆள் வேண்டும், கொத்த அனுப்புங்கள் என்றாள். அவர் கூலி தருகிறேன், ஆள் வைத்துக்கொள் என்றார். கூலிக்கு வர இந்த மாதத்தில் யார் இருக்கிறார்கள் என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன் என்றார்.

“ரூவா கொத்தாதுங்க சார்” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆடி பிறந்த நான்காம் நாள், நிறுவனத்துக்கு நிதி கொடுப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். வயதான அம்மையார் ஒருவரும் அவர் கணவரும். சமுதாயக் கூடத்தில் கூட்டம். மேசைமேல் புதிதாக அச்சான கையேடு. அட்டையில் எங்கள் படம். துவரைக்கு நடுவே குனிந்து, கை நிறையச் சாமையோடு சிரித்துக்கொண்டிருந்தோம். கீழே ஆங்கிலத்தில், கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் நிலத்தில் தொண்டர்கள் என்று எழுதியிருந்தது.

அன்று காலை அர்த்தனாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணாயிக்குச் சேலையும் அரிசியும் அந்த அம்மையார் கையால் கொடுக்கப்படும், அவள் இரண்டு வார்த்தை பேசுவாள், நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அவ என்ன பேசுனாலும் நன்றி சொல்றாங்கன்னு சொல்லிடுங்கம்மா. பதினோரு குடும்பம் இந்த ஆபீஸ நம்பி இருக்குது.”

அவர் பொய் சொல்லவில்லை. பதினோரு குடும்பம் உண்மைதான். அதில் மாதேஸ்வரன் குடும்பமும் ஒன்று. அவருக்கு மூன்று பெண்கள். நான் முருகனை நினைத்துக்கொண்டேன். கூட்டம் தொடங்கிவிட்டது.

கண்ணாயி வந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேலையை நீட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேசும்படி அர்த்தனாரி சைகை காட்டினார்.

“எம் புருசன் சேகோ மில்லுல வேலைக்கு இருக்காருங்க. அவரு என்னையக் கைவிடல. அதை மொதல்ல திருத்தச் சொல்லுங்க” என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அர்த்தனாரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி என்ற சொல் ஆங்கிலத்தில் சிறியது. சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஒரு முறை அவள் சொன்னதைக் கேட்காமல் நான் கொல்லையில் இறங்கினேன். இரண்டாம் முறையும் அவள் பேச்சைப் பிடுங்கி எறிய என் நாக்கு எழவில்லை. அவள் சொன்னதை அப்படியே, சேகோ மில் உட்பட, ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த அம்மையார் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். வேறென்ன என்றார். கண்ணாயி சொல்லச் சொல்ல நான் சொன்னேன். சாமையைப் பிடுங்கியது, அட்டையில் எங்கள் கையில் இருப்பது அந்தச் சாமைதான் என்பது, நாத்தனாருக்குத் தர வேண்டிய விதை, ஆடி பாதிக்குள் கொத்த வேண்டிய கொல்லை, எட்டு ஆள். பிடுங்கச் சொன்னது நான்தான் என்பதையும் என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன். அதை அவள் சொல்லவில்லை.

அம்மையார் முகம் சிவந்தது. அந்தப் பிள்ளைகள் நல்ல மனதோடுதானே வந்தார்கள் என்று மெதுவாகக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். கண்ணாயி தலையாட்டினாள்.

“நல்ல மனசுதானுங்க. நானும் இல்லீன்னு சொல்லல. நல்ல மனசோட மிதிச்சாலும் நாத்து செத்துத்தானுங்க போவுது.”

அதையும் சொன்னேன். பின் வரிசையில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மையார் பணம் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று கண்ணாயி சொன்னது மொழிபெயர்க்காமலே அவருக்குப் புரிந்தது. சேலை மேசைமேலேயே கிடந்தது.

மாலையில் அர்த்தனாரி என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. இனி உங்களுக்கு இங்கே வேலை இல்லை, வார முடிவில் ஜீப் சேலம் போகிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு விசா ஆவணி முதல் வாரம் வரை இருக்கிறது, நான் போக மாட்டேன் என்றேன். எங்கே தங்குவீர்கள் என்றார். தெரியாது என்றேன். அது உண்மை. பையை எடுத்துக்கொண்டு கண்ணாயி வீட்டுக்கு நடந்தேன்.

கண்ணாயி களி கிண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று சொன்னேன்.

“மத்த ஏழு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க. எட்டு நாளையும் நானே செய்றேன். ஒரு ஆள் நான் இருக்கேன்.”

அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கொத்தத் தெரியுமா?”

“தெரியாது.”

“உள்ள வா கண்ணு. செருப்ப அங்கயே உடு.”

அதுவரை அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் தொடங்கினோம். அவள் முதலில் இறங்கி ஒரு கொத்துக் கொத்தினாள். பிறகு நான் இறங்கினேன். அந்த நிபந்தனை எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் மண்வெட்டியின் ஆழத்தையும் சாய்வையும் பார்த்துக்கொண்டால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. பார்த்துக்கொண்டேன். பார்த்துவிட்டால் கை கேட்டுவிடுமா? மாலையில் உள்ளங்கை இரண்டும் கொப்புளமாகிவிட்டன. கண்ணாயி நான் கொத்திய பகுதியைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.

“கோழி கெளறுன மாதிரி இருக்குது. இன்னைக்கு நாளு கணக்குல வராது.”

எனக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அன்று இரவு அவள் வேப்பெண்ணெய் சுடவைத்து என் உள்ளங்கையில் தேய்த்துவிட்டாள். கணக்கை மட்டும் மாற்றவில்லை.

அதன்பிறகு ஐந்து நாள் கொத்தினேன். ஐந்தையும் அவள் ஒப்புக்கொண்டாள். அவளும் என்னோடு கொத்தினாள். செங்கோடன் இரண்டு நாள் லீவு போட்டு வந்தார். மூன்றாம் நாள் மாதேஸ்வரன் ஜீப்பில் வந்து என் கடிதங்களைக் கொடுத்தார். அர்த்தனாரி சார் கொடுத்துவிடச் சொன்னார் என்று ஒரு பொட்டலமும் தந்தார். உள்ளே களிம்பும் கட்டுத் துணியும் இருந்தன. சீட்டு எதுவும் இல்லை. மாதேஸ்வரன் உடனே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையை வரப்பில் போட்டு, மதியம் வரை எங்களோடு கொத்தினார். அதை என் நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அது அவருடைய அரை நாள், அவர் வீட்டுக்கு நான் திருப்பிச் செய்துகொள்கிறேன், உனக்கு அதில் என்ன என்றாள் கண்ணாயி.

கொத்தி முடிந்த அன்று பொன்னாயி தானாகவே வந்தாள். கொல்லையின் நான்கு மூலையையும் நடந்து பார்த்தாள். என் கையை இழுத்து, கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தாள். அப்படியே போனவள், சற்று நேரத்தில் முறத்தோடு திரும்பினாள். மூன்று மாதச் சாமை விதை, குறையாமல் இரண்டு வள்ளம்.

விதைத்தது ஆறாவது நாள். மூன்று வாரம் கழித்துக் களையெடுத்தது ஏழாவது நாள். எது சாமை எது புல் என்று அடியைக் கிள்ளிப் பார்த்து, ஒவ்வொரு தாளாக எடுத்தேன். என் வரிசை மற்றவர்கள் வரிசையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஆனாலும் அந்த நாள் கணக்கில் வந்தது.

மறுநாள் நான் கிளம்ப வேண்டும். விசா முடிகிறது, சென்னைக்குப் போயாக வேண்டும். ஒரு நாள் மிச்சம் இருந்தது. கண்ணாயியிடம் அதை விட்டுவிடும்படி கேட்டேன். முதல் நாள் கோழி கிளறியதையாவது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“தள்ளுபடியெல்லாம் கவர்மெண்டுதான் கண்ணு பண்ணும். நாங்க பண்றதில்ல.”

சிரிக்காமல்தான் சொன்னாள். பஸ் நிறுத்தம் வரை என் பையை அவளே தூக்கி வந்தாள். கருணை என்றால் மன்னித்துவிடுவது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். என்னை மன்னிக்காமல், தனக்குச் சமமாக வைத்து அந்த ஒரு நாளை என் பேரில் நிறுத்தி வைத்தாளே, அதைவிடப் பெரிய மரியாதையை அந்த ஆறு மாதத்தில் எனக்கு யாரும் செய்யவில்லை. ஏழைகளுக்கு நன்றி சொல்லத்தான் தெரியும் என்று நம்புகிறவர்களை இன்றும் சந்திக்கிறேன். அவர்களிடம் வாதாடுவதில்லை. இந்தக் கதையைச் சொல்கிறேன்.

தை மாதத்தில் அருள்மொழி எழுதிய கடிதம் வந்தது. பென்சிலில், பெரிய எழுத்தில். சாமை விளைந்தது. அத்தைக்கு முதல் தடவை விதையும் இரண்டாம் தடவை விதையும் சேர்த்து ஆறு வள்ளம் கொடுத்தாயிற்று. அத்தை வள்ளத்தின் வாயை நிரவிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு நாள் பாக்கி இருப்பதை அம்மா எழுதச் சொன்னார்கள்.

நான்கு வருடம் கழித்துத்தான் என்னால் வர முடிந்தது. அம்மாவின் நோய், தம்பியின் திருமணம், பள்ளிக்கூடம் என்று நாள்கள் போயின. 2003, ஆடி பதினெட்டு. அன்று மலை முழுவதும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும். பஸ் கூட்டத்தில் நசுங்கி நின்று வந்தேன். கோயிலுக்கு வெகு முன்னாலேயே நான் இறங்கியதும், சாமி கும்பிட இன்னும் போகணுங்களே என்றார் நடத்துநர். தெரியும் என்றேன்.

ஊர் காலியாக இருந்தது. கண்ணாயியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவளும் கோயிலுக்குப் போயிருப்பாள். ஒரு மணி நேரம் காத்திருந்தால் மற்றவர்களாவது வந்திருப்பார்கள். மாலை வரை இருந்தால் அவளையே பார்த்திருக்கலாம். அருள்மொழி எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் நான் வந்தது தெரிந்தால் அந்த நாள் விருந்தாகிவிடும். டீச்சர் வந்திருக்காங்க என்று களி கிண்டுவார்கள், பழைய கதை பேசுவார்கள், கொல்லையில் இறங்க விடமாட்டார்கள்.

கொல்லைக்குப் போனேன். சாமை முழங்கால் உயரம் நின்றது. ஊடே களை. மேல் வரப்போரம் ஒரு பட்டை களையெடுத்து விட்டிருந்தார்கள். முதல் களையை அவள் எடுத்தாயிற்று, இனி நான் இறங்கலாம். செருப்பைக் கழற்றினேன். கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். திருநாளில் வேலை செய்கிறாளே என்று சாமி கோபித்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அடியைக் கிள்ளிப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். எடுத்த களையை அவர்கள் போடுவதைப் போலவே வேர் மேலே தெரியும்படி வரப்பில் கவிழ்த்து வைத்தேன். மதியத்துக்குக் கொண்டுவந்த இட்லியைத் துவரை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தூறல் வந்து போனது. யாரும் வரவில்லை. பொழுது சாயும்போது ஒரு முழு நாள் வேலை என் பின்னால் கிடந்தது. திரும்பி நடந்து, ஒரு சாமையாவது பிடுங்கியிருக்கிறேனா என்று எல்லாக் குவியலையும் கிளறிப் பார்த்தேன். இல்லை.

ஓடையில் கைகால் கழுவினேன். நகக்கண்ணில் மண் போகவில்லை. யார் களையெடுத்தது என்று கண்ணாயி நாளைக்கு ஊரெல்லாம் விசாரிப்பாள். அனேகமாகப் பொன்னாயி என்றுதான் முடிவு செய்வாள். பொன்னாயியின் கொல்லைக்கு ஒரு நாள் திருப்பிச் செய்யப் போவாள். பொன்னாயி நான் இல்லை என்பாள், இவள் நம்ப மாட்டாள், இரண்டு பேரும் அதைச் சாக்காக வைத்து நாள் முழுக்கப் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள்.

செய்யட்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.